ஓர் ஒயரின் கதை, கூடவே என் தவறும்



பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல வரலாற்றில் ஆரம்பித்து எங்கெங்கோ போவேன் என்று சிரிப்பீர்கள். இந்த முறை முடிகிற இடம் ஒரு மன்னிப்பு. அதனால் கடைசி வரை படியுங்கள்.

போன ஆனி மாதம் கடலூரில் நம் வீட்டு நிச்சயதார்த்தத்திற்கு நான் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது பலருக்கு நினைவிருக்கும். கன்னியக்கோயிலில் டீ குடிக்க நிறுத்திய கார் மறுபடி எடுக்கவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. காரை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வந்தேன். வந்த கோபத்தில் பந்தியில் உட்கார்ந்து, காரை ரிப்பேர் செய்த என் பழைய மாணவனைப் பற்றி, "அவனுக்கு எலக்ட்ரிக்கல் வேலை வராது, புது வண்டிகளை அவனிடம் விடாதீர்கள்" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். அதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் வண்டியை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

நான் சொன்னது தவறு. வேலையைக் கெடுத்தவன் நான்தான். எப்படி என்று சொல்ல வேண்டுமானால் 1831-க்குப் போய்த்தான் வர வேண்டும்.

முதலில் நடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததும், ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் யாருக்கும் மறக்காது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனில் பல ஊர்களுக்குள் வெள்ளம் வந்தது. வயலெல்லாம் குளம். வளையில் இருந்த எலிகள் மேடு தேடி ஏறின. எங்கள் வீட்டுக் கொட்டகை மேடு. அதில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்ற என் கார் அதைவிட மேடு. பானட்டைத் திறந்தபோது இன்ஜின் மேல் வைக்கோலும் துணிக் கிழிசலுமாக ஒரு கூடு இருந்தது. கூடு கட்டியவர்கள் ஒயரையும் ருசி பார்த்திருந்தார்கள்.

கார் 25 வயதை நெருங்கியது. ஒரு பெரிய பட்டறையில் காட்டினேன். "இன்ஜின் ஒயரிங் மொத்தமும் மாத்தணும், இந்த மாடலுக்கு இப்ப வராது, வித்துடுங்க" என்றார்கள். அதன் பிறகுதான் வில்லியனூரில் பட்டறை வைத்திருக்கும் என் மாணவனைக் கூப்பிட்டேன். அவன் ஒவ்வொரு ஒயராகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மொத்தமும் மாத்த வேணாம் சார். சாதா ஒயர் ஏழு போயிருக்கு, அது ஒண்ணுமில்ல. இந்த ஷீல்டு ஒயர்தான் பாத்து செய்யணும்" என்றான்.

அந்த ஷீல்டு ஒயர்தான் இன்றைய பாடம்.

அது கிராங்க் சென்சாரிலிருந்து காரின் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர். மெக்கானிக்குகள் அந்தக் கம்ப்யூட்டரை ஈ.சி.எம். என்பார்கள். மேல் உறையைச் சீவினால் உள்ளே பின்னலாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி வலை. அதற்குள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு சின்ன ஒயர்கள். சில வண்டிகளில் பின்னலுக்குப் பதிலாக அலுமினியத் தாள் சுற்றி, கூடவே உறையில்லாத ஒரு வெறும் கம்பியை ஓட்டியிருப்பார்கள். எலி கடித்தது பின்னலையும் உள் ஒயரில் ஒன்றையும்.

இந்த ஒயருக்குள் மைக்கேல் ஃபாரடே இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறார். நான் முப்பது வருடத்துக்கு மேல் ஃபாரடேயை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் காருக்குள் அவர் இருப்பது எனக்குத் தெரியவில்லை.

முதல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டு ஃபாரடே. அந்த வருடம் அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். நகர்கிறபோது மட்டும் மின்சாரம் வந்தது. கிராங்க் சென்சாரில் இருப்பதும் ஒரு காந்தமும் சுருளும்தான். அதன் முன்னால் பல் வைத்த சக்கரம் இன்ஜினோடு சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு சின்ன மின்துடிப்பு. ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே பல் இல்லாமல் விட்டிருப்பார்கள். பல வண்டிகளில் 60 பல் வர வேண்டிய சக்கரத்தில் 58-தான் இருக்கும். அந்த இடைவெளி வரும்போது, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்கிறது. எப்போது பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும், எப்போது பிளக்கில் பொறி விட வேண்டும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், சக்கரம் வேகமாகச் சுற்றினால் துடிப்பு பெரிதாக இருக்கும். மெதுவாகச் சுற்றினால் சின்னதாக இருக்கும். சாவி போட்டு செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். அப்போது சென்சார் தருவது அரை வோல்ட், ஒரு வோல்ட். அதே நேரம் ஒரு முழத் தூரத்தில் பிளக் ஒயரில் பல ஆயிரம் வோல்ட் பாய்கிறது. தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒரு குழந்தை மெல்லிய குரலில் ஏதோ சொல்கிற மாதிரி. அந்தக் குரல் கம்ப்யூட்டர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது ஃபாரடே 1836-ஆம் ஆண்டு ஃபாரடே. அந்த ஜனவரியில் மரச் சட்டத்தில் 12 அடிக்கு 12 அடி ஓர் அறை கட்டி, கம்பியும் காகிதமும் ஈயத்தாளும் சுற்றி, தரையோடு மின்தொடர்பு இல்லாமல் நிறுத்தினார். வெளிச்சுவரில் பொறி பறக்கிற அளவு மின்னேற்றம் செய்யச் சொல்லிவிட்டு, நுட்பமான மின்காட்டிகளோடு உள்ளே போய் உட்கார்ந்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. உலோகக் கூட்டுக்குள் வெளி மின்சாரத்தின் தொந்தரவு வராது. இதுதான் ஃபாரடே கூண்டு. இடி மின்னல் நேரத்தில் காருக்குள் இருந்தால் பயமில்லை என்று வகுப்பில் சொல்வேனே, அது இதுதான். அந்த 12 அடி அறையைப் பென்சில் கனத்துக்குச் சுருக்கி நீளமாக இழுத்தால் அதுதான் ஷீல்டு ஒயரின் பின்னல்.

உள்ளே இரண்டு ஒயரும் ஏன் முறுக்கியிருக்கிறது? அது டெலிபோன் கொடுத்த பாடம். 1880-களில் டெலிபோன் கம்பிகளில் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் புகுந்தது. இரண்டு கம்பியை முறுக்கி ஓட்டினால் இரண்டிலும் ஒரே அளவு தொந்தரவு ஏறி ஒன்றையொன்று கழித்துவிடும். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். காந்தத்தால் வரும் தொந்தரவை மெல்லிய செம்புப் பின்னல் அவ்வளவாகத் தடுக்காது, முறுக்குதான் தடுக்கும். அதனால் பின்னலும் வேண்டும், முறுக்கும் வேண்டும்.

பிளக் பொறி ஏன் இவ்வளவு தொந்தரவு? 1887, 1888-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை முதலில் உண்டாக்கியதே தீப்பொறியால்தான். நம் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களில் இதே ஆராய்ச்சி செய்தபோது, பொறி உண்டாக்கும் சுருளையும் பேட்டரியையும் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். வேண்டாத அலை வெளியே கசிந்து பரிசோதனையைக் கெடுக்கக் கூடாது என்று. ஆக, பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொன்றும் தெரியாமல் ஒரு ரேடியோ நிலையம். உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு அனுபவம் இருக்கும். இலங்கை வானொலியில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு மொபெட் போனால் ரேடியோ 'கரகர' என்று கத்திவிட்டு, வண்டி தெருக்கோடி தாண்டியதும் அடங்கும். அந்தக் கரகரப்புதான் பிளக் பொறியின் குரல்.

அமெரிக்காவில் 1930-ல் கால்வின் சகோதரர்கள் காரில் ரேடியோ வைத்தபோது முதல் எதிரி இந்தக் கரகரப்புதான். அந்த ரேடியோவுக்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். விமானத்தில் இது உயிர்ப் பிரச்சினை. விமானிக்கு ரேடியோ கேட்க வேண்டுமே என்று பிளக் ஒயர்கள் மொத்தத்தையும் உலோகப் பின்னலால் மூடினார்கள். அதாவது முதலில் கூண்டுக்குள் அடைத்தது கத்துகிறவனை. கேட்கிறவனைக் கூண்டுக்குள் வைத்துக் காப்பாற்றும் தேவை பின்னால் வந்தது. 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனம் கொடுத்த எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன் போன்றவை பரவிய பிறகு, இன்ஜினுக்கு மூளையும் காதும் வந்தன.

நம் ஊருக்கு அது வந்தது மிகவும் தாமதமாக. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் காருக்குள் கேட்கிற காது எதுவும் இல்லை. கார்புரேட்டர், பாயிண்ட், கண்டென்சர், காயில், அவ்வளவுதான். பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்தால் வண்டி எடுக்கும். எலி கடித்தால் முறுக்கி டேப் சுற்றினால் போதும்.

மாற்றியது சட்டம். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் பதிவாகும் புதுத் தனியார் கார்கள் அந்த ஜூன் முதல் யூரோ 1 அளவுக்கும், 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 அளவுக்கும் புகையைக் குறைக்க வேண்டும் என்றது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் 'இந்தியா 2000' விதி வந்தது. கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது. எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகளைக் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. நம் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோ, மறைமலை நகரில் 1999-ல் ஐகான் வெளிவந்தன. 2000-ல் மாருதி 800-க்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது.

கிராமத்துப் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். மேல்நாட்டில் முப்பது வருடத்தில் படிப்படியாக வந்த மாற்றம், நம் மெக்கானிக்குகள் தலையில் இரண்டு மூன்று வருடத்தில் இறங்கியது. பாடப் புத்தகம் கிடையாது. பலருக்கு ஆங்கிலக் கையேடு படிக்க வராது. கெடுத்துக் கெடுத்து, திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டார்கள். என் மாணவனும் அப்படித்தான். பிளஸ் டூ முடிக்காமல் பட்டறைக்குப் போனவன்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

அவன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தான். உறையை இரண்டு பக்கமும் தாராளமாகச் சீவினான். பின்னலை அறுக்காமல் விரித்துப் பின்னால் தள்ளினான். கடிபட்ட உள் ஒயரில் புதுத் துண்டு வைத்துப் பொடி வைத்துப் பற்றினான். மற்ற ஒயரிலும் உறை கீறியிருந்ததால் அதையும் வெட்டி இணைத்தான். ஆனால் இரண்டு ஒட்டும் நேருக்கு நேர் வராமல் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தான். நேரெதிராக இருந்தால் நாளைக்கு உறை தேய்ந்து ஒன்றையொன்று தொடும் என்றான். சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டான். பழைய முறுக்கு எப்படி இருந்ததோ அப்படியே முறுக்கினான். அதன் மேல் செம்புப் பின்னல் துண்டைப் போர்த்தி இரண்டு பக்கமும் பழைய பின்னலோடு ஈயம் வைத்து இணைத்தான். உள் ஒயரைச் சூடு தாக்காமல் வேகமாக வைத்து எடுத்தான். கடைசியில் தண்ணீர் புகாமல் பசை உள்ள ஸ்லீவ்.

அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். சென்சார் பக்கம் பின்னலின் முனை எதிலும் சேராமல் மடங்கி நின்றது. 

"ஏம்ப்பா, இது தொங்குதே. இன்ஜின்ல எர்த் குடுத்துடு."

"இல்ல சார், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்கிட்ட எர்த் இருக்கு. இந்தப் பக்கம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க."

"ஏன் கூடாது? எர்த் ரெண்டு பக்கமும் இருந்தா இன்னும் நல்லதுதானே? தத்துவம் எனக்குத் தெரியும்ப்பா."

அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். காரணத்தைச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. என்னிடம் வார்த்தை மட்டும் இருந்தது. "நீங்க சொன்னா சரிங்க சார்" என்று ஒரு துண்டு ஒயர் வைத்து இன்ஜினில் திருகிவிட்டான்.

அன்று கார் எடுத்தது. பிறகு ஒருநாள் ஒரே சாவியில் எடுக்கும், ஒருநாள் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனி மாத வெயிலில் பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்த நாளில் கன்னியக்கோயிலில் முழுதாகக் கைவிட்டது.

மறுவாரம் அவனே வந்தான். கடலூரில் நான் பேசியது அவன் காதுக்குப் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பின்னலிலும் மறு முனையைப் பாடியிலும் வைத்தான். மீட்டர் 'பீப்' என்றது. கம்ப்யூட்டர் பக்கத்து எர்த் விலகிய பிறகும் பின்னல் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது, நான் போடச் சொன்ன துண்டு வழியாக. "சார், ஒரே ஒரு தடவை இதை எடுத்துப் பாக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டான். எடுத்தான். மீட்டர் அடங்கியது. கனெக்டரை மாட்டி சாவி போட்டான். அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்தது. அணைத்து அணைத்துப் பத்து முறை பார்த்தோம். பத்து முறையும் பிடித்தது.

அன்று இரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது இன்ஜினிலிருந்து எர்த் பட்டை வழியாகத் திரும்பிப் பேட்டரிக்குப் போகிறது. பழைய காரில் அந்தப் பட்டையும் துருவும் சேர்ந்து 0.005 ஓம் தடை என்று வையுங்கள். மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. 100 × 0.005 = 0.5 வோல்ட். அதாவது இன்ஜினில் இருக்கும் எர்த்தும் கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் எர்த்தும் அந்த நொடியில் ஒன்றல்ல. அரை வோல்ட் வித்தியாசம். இரண்டையும் பின்னலால் இணைத்தால் காவலுக்குப் போட்ட பின்னலே மின்சாரம் ஓடும் கம்பியாகிவிடும். சென்சார் தருவதும் அரை வோல்ட்தான். குழந்தையைக் காக்க நிறுத்திய காவலாளியே குழந்தை காதில் கத்தினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டருக்குப் பல் எது, இரைச்சல் எது என்று தெரியவில்லை. ஒரு முனையை மட்டும் எர்த் செய்தால் பின்னலில் ஓட வழி இல்லை. வந்த தொந்தரவு அந்த ஒரு பக்கமாக இறங்கிவிடும்.

ஓமின் விதி. பத்தாம் வகுப்புக் கணக்கு. கரும்பலகையில் எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன்! எர்த் என்றால் எங்கும் சுழி வோல்ட் என்று பாடத்தில் எழுதுவோம். காரில் அப்படி இல்லை என்பதை அவன் கை அறிந்திருந்தது.

ஃபாரடே கொல்லர் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். உயர்கணிதம் அவருக்கு வராது. இதையும் வகுப்பில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஒருவன் என் கொட்டகையில் நின்று "கூடாதுன்னு சொல்லுவாங்க சார்" என்றபோது, "யார் சொன்னா, ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவன் எதிர்த்துப் பேசாததற்குக் காரணம் அவனுக்குத் தெரியாததல்ல. எதிர்த்துப் பேசாதே என்று வகுப்பில் பழக்கிவிட்டதே நாங்கள்தான்.

வேலைக்கான கூலியை நான் கொடுத்துவிட்டேன். போன பெயரை அப்படிக் கொடுக்க முடியாது. கடலூரில் நாலு பேரிடம் சொன்னதை இங்கே எல்லோரிடமும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவன் வேலை சரியான வேலை. பட்டறையை மாற்றிய அந்த இருவரும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். நான் சொன்னதைக் கேட்டுப் போனீர்கள், நான் சொல்வதைக் கேட்டே திரும்பிப் போங்கள். "என் பேரெல்லாம் போடாதீங்க சார்" என்றதால் போடவில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும்.

பழைய எம்.பி.எஃப்.ஐ. கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அறுவடை முடிந்த மாதங்களிலும் மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். வைக்கோல் போர் பக்கம் நிறுத்தாதீர்கள். ஒயர் போய்விட்டது என்றவுடன் காரை விற்றுவிடாதீர்கள், பொறுமையாகச் செய்தால் சரியாகும். ஷீல்டு ஒயர் என்றால் எந்தப் பக்கம் எர்த் என்பதை அந்தந்த வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது நின்றுகொண்டு யோசனை சொன்னால், முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய். அடுத்த முறை நான் தவறாகச் சொன்னால் "இல்ல சார்" என்று இரண்டாவது தடவையும் சொல்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்